பொருள் பின்னர் வரும்

சவாயி தீவின் சலெலொலொங்கா துறையில் கப்பல் வந்து ஒட்டும்போது கயிறு வாங்கிக் கட்டுகிறவன் கிரிசோமே. அந்த வேலைக்குப் பேச்சு வேண்டியதில்லை. கப்பலில் நிற்பவன் கயிற்றை வீசுவான். இவன் பிடிப்பான். இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். பல வருடங்களாக இப்படித்தான் நடந்துவந்தது.

ஒருநாள் தலைநகர் ஆப்பியாவிலிருந்து ஆணை வந்தது. பொதுமக்களோடு பேசுகிற அரசு ஊழியர் எல்லாரும் உயர்சொல் நிலையத்தில் தங்கி, உயர்ந்த ஆங்கிலச் சொற்களைக் கற்று, தேறித் திரும்ப வேண்டும். தேறாமல் திரும்பினால் வேலை இல்லை.

கிரிசோமே மேலாளரைப் போய்ப் பார்த்தான்.

"நான் யாரோடயும் பேசறதே இல்லையே சார்."

"அதனாலதான் உன்னை அனுப்பறேன். பேசறவங்கள அனுப்பிட்டா இங்க வேலைய யாரு பாக்கறது?"

வீட்டில் மனைவி அசெனாத்தி அவன் இடுப்பில் சுற்றும் லாவலாவாத் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். "நாலாவது சனிக்கிழமை சடங்கு. அதுக்குள்ள வந்துருவீங்கல்ல?" என்று கேட்டாள்.

சடங்கு என்பது குடும்பத் தலைவர் பட்டம் சூட்டுவது. கிரிசோமேயின் அப்பா இறந்தபின் குடும்பப் பட்டம் காலியாகக் கிடந்தது. யாருக்கு என்று பங்காளிகள் மூன்று வருடம் சண்டை போட்டார்கள். கடைசியில் கிரிசோமே என்று முடிவாயிற்று. அவனுக்கு அரசாங்கச் சம்பளம் வருகிறது; ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் பட்டத்துக்காரன்தான் முதலில் கை நீட்ட வேண்டும். சித்தப்பா மகன் ஃபௌஸ்தினோவும் பட்டம் கேட்டான். அவனிடம் கிதார் ஒன்று மட்டும் இருந்தது.

"நாலு வார்த்தை படிக்க எத்தன நாளாயிரும்? வந்துருவேன்" என்றான் கிரிசோமே.

*

உயர்சொல் நிலையம் ஆப்பியா இருக்கும் தீவில் ஒரு வெளிநாடு கட்டிக்கொடுத்த கட்டடம். சுற்றிலும் மதில், ஒரே ஒரு வாசல், வாசலில் காவலாளி. காவலாளி முதல் வேலையாகக் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டான்.

"இது எதுக்குப்பா?"

"அதுல எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் இருக்கு மாமா. உள்ள கொண்டுபோனா பாடம் நடத்த முடியாதுன்னு சொல்றாங்க. சாயங்காலம் இங்க வந்து வீட்டுக்குப் பேசிக்கலாம்."

நிலையத்தில் அகராதியும் இல்லை. அகராதி இருந்தால் நிலையம் எதற்கு என்ற கேள்வி வரும் என்று அதை வாங்காமல் விட்டிருந்தார்கள்.

இயக்குநர் அசோவாலு அம்மையார் முதல் நாள் உரை நிகழ்த்தினார். வெளியே நல்ல மழை. பேருந்தைத் தவறவிட்டுப் பலர் வரவில்லை. வந்தவர்கள் நனைந்த உடம்போடு கேட்டார்கள்.

"இந்த நாட்டுல மீன் இருக்கு, தேங்கா இருக்கு. வார்த்தைதான் பத்தல. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நாம ரெண்டெழுத்து வார்த்தைய வச்சுக்கிட்டு நிக்கறோம். வெக்கமா இருக்கு. போன மாநாட்டுல நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. எழுந்து நின்னு கைதட்டினாங்க. அந்த நிலைமைக்கு உங்க எல்லாரையும் கொண்டுவரணும்னுதான் என் ஆசை."

பிறகு பாடத்தின் அடிப்படையை விளக்கினார்.

"கஷ்டமே இல்ல. நம்ம மொழியில பட்டத்துக்காரங்க சாப்பிட்டா ஒரு சொல், மத்தவங்க சாப்பிட்டா ஒரு சொல். அவங்க வீட்டுக்கு ஒரு சொல், நம்ம வீட்டுக்கு ஒரு சொல். இங்கிலீஷும் அப்படித்தான். ஈட்டுன்னா சின்ன சொல், பார்டேக்னா பெரிய சொல். ஹவுஸ் சின்னது, ரெசிடென்ஸ் பெரியது. அவ்வளவுதான்."

எல்லாருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. அதன்பின் அவர்கள் ஒருவராலும் தேற முடியவில்லை.

பட்டத்துக்காரருக்கு உரிய சொல்லைத் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறவனை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அப்படிச் சொன்ன ஒருவனுக்கு ஃபலேயாலுபோ ஊரில் பெண்பன்றி ஒன்றும் தகரமீன் பெட்டிகளும் தண்டம் போட்டார்கள். அதுகூட அவன் குடிபோதையில் சொன்னது.

மழையில் பேருந்தைத் தவறவிட்டவர்கள் மறுநாள் வந்தார்கள். அவர்களுக்கு அம்மையாரின் உரை கிடைக்கவில்லை. பத்து நாளில் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

*

உணவுக்கூடத்தில் சாளரத்தின் அந்தப் பக்கம் சமையல்காரர் நின்றார். உயர்சொல் சொன்னால்தான் தட்டு என்பது விதி.

"எனக்குச் சாப்பாடு வேணும்" என்றான் கிரிசோமே ஆங்கிலத்தில்.

"அது சின்ன சொல் தம்பி. நான் பார்டேக் பண்றேன்னு சொல்லு."

கிரிசோமே சுற்றிலும் பார்த்தான். வரிசையில் அவனுக்குப் பின்னால் நரைத்த தலைகள் நின்றன. அத்தனை பேர் காதுபட, நான் அமுது செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வரிசையை விட்டு விலகி மேசையில் வந்து உட்கார்ந்தான்.

எதிரில் ஃபிலோமெனா உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். பெரிய உடம்பு. ஆறு வாரமாக இங்கே இருக்கிறாள்.

"புதுசா?" என்றாள்.

"ஆமாக்கா."

"பசிக்குதா?"

"ஆமா."

"அப்ப எந்திரி. போய் எனக்குக் கேளு. நான் உனக்குக் கேக்கறேன்."

கிரிசோமே சாளரத்துக்குப் போய், ஃபிலோமெனா அம்மாள் அமுது செய்ய விரும்புகிறார் என்று உயர்சொல்லில் சொன்னான். தட்டு வந்தது. ஃபிலோமெனா போய், கிரிசோமே அவர்கள் அமுது செய்ய விரும்புகிறார் என்றாள். இன்னொரு தட்டு வந்தது. கூடம் முழுக்க இப்படித்தான் சாப்பிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தான்.

கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த சொல் கதவின் அகலத்துக்கு இருந்தது.

"அங்க போறதுக்கும் ஒருத்தர் வந்து கேக்கணுமாக்கா?"

"அவசரத்துல எந்தச் சொல்லும் வராது. அப்படியே ஓடிரு. இதுவரைக்கும் யாரும் புடிக்கல."

மேற்பார்வைக்கு வந்த அம்மையார், ஒருவருக்காக ஒருவர் உணவு கேட்பதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். பணம் தருகிற நாட்டுக்கு எழுதும் அறிக்கையில் அதைப் பயிற்சியாளர்களிடையே மலர்ந்த உரையாடல் பண்பாடு என்று குறிப்பிட்டார். அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. நிலையத்தை விட்டுப் போனவர்களில் தேறாதவர் ஒருவர்கூட இல்லை. தேறாதவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

*

தேர்வு வாரம் ஒருமுறை. பயிற்சியாளர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதில் உயர்சொல் இருக்க வேண்டும்.

"ரெசிடென்ஸ்" என்றார் தேர்வாளர்.

"பேராயரோட ரெசிடென்ஸ் மலைமேல இருக்கு. என்னோட வீடு துறைக்குப் பக்கத்துல."

"பேராயர் உங்க வாழ்க்கையில இருக்காரா?"

"ஒருதடவை தூரத்துலேர்ந்து பாத்திருக்கேன்."

"அப்ப அது பேராயரோட வாழ்க்கை. உங்க வாழ்க்கையச் சொல்லுங்க."

"என் வாழ்க்கைல ரெசிடென்ஸ் இல்லைங்க. வீடுதான்."

"தேறல. சரி, இன்னொரு வாய்ப்பு தர்றேன். ஹ்யுமிலிட்டி. பணிவு. உங்களப் பத்திச் சொல்லுங்க."

கிரிசோமே ரொம்ப நேரம் யோசித்தான்.

"என்கிட்ட அது இருக்குன்னு நானே சொன்னா, அப்பறம் அது எப்படிங்க இருக்கும்?"

"தேறல."

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. சடங்கு வரும் சனிக்கிழமை என்றானபோது கிரிசோமே இயக்குநரின் அறைக்குப் போனான்.

"ரெண்டு நாள் லீவு வேணும் அம்மா. ஊர்ல எனக்குப் பட்டம் கட்டறாங்க."

"ரொம்ப சந்தோஷம். தாராளமா போலாம். விதிப்படி வாயால விண்ணப்பம் பண்ணிட்டுப் போங்க. நான் டிபார்ட் பண்றேன்னு ஒரே வாக்கியம்."

"அது பட்டத்துக்காரங்க புறப்படறதுக்கு இல்லையா?"

"நீங்க பட்டம் வாங்கத்தானே போறீங்க?"

"இன்னும் வாங்கலையே. வாங்கினாலும் என்னைப் பத்தி நானே அப்படிச் சொல்லக் கூடாதுல்ல?"

"அப்ப யாரு சொல்லணும்?"

"வேற யாராவது. நீங்ககூட சொல்லலாம். கிரிசோமே டிபார்ட் பண்றார்னு."

அம்மையாரின் முகம் மாறியது. "நான் இயக்குநர். நீங்க கயிறு கட்டறவர். உங்களுக்குப் போய் நான் எப்படி அந்தச் சொல்லைப் போடறது? கொஞ்சம் மரியாதை வேண்டாமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன் அம்மா."

"நீங்க விதியை எதிர்த்துப் பேசறீங்க" என்றார் அம்மையார்.

சாயங்காலம் காவலாளியிடம் கைபேசியை வாங்கி அசெனாத்தியோடு பேசினான்.

"அப்படியே சுவரேறிக் குதிச்சு வந்துருங்க" என்றாள்.

"வந்தா வேலை போயிரும். சம்பளம் இல்லாதவனுக்குப் பட்டம் எதுக்குன்னு கேப்பாங்க."

"வரலைன்னா?"

"வராதவனுக்கும் பட்டம் கெடையாது."

"ஃபௌஸ்தினோ தினமும் வர்றான். அண்ணன் எப்ப வருவாருன்னு என்கிட்ட கேக்கறான். முடிவெட்டிக்கிட்டு வேற வந்து நிக்கறான்."

*

அதுவரை நடந்த பாடம் முதல் தொகுதி; அதில் தேறாதவர்களின் எண்ணிக்கை அறிக்கையில் தெரிந்துவிடுமோ என்ற கவலை வந்தது. எனவே எல்லாரையும் இரண்டாம் தொகுதிக்கு உயர்த்தினார்கள்.

இரண்டாம் தொகுதியில் சின்னச் சொற்களே இல்லை. பெரிய சொற்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு எதிரே வெற்றிடம். அட்டையில், 'பொருள் பின்னர் வரும்' என்று அச்சிட்டிருந்தது. பொருள் தனித் தொகுதியாகக் கப்பலில் வந்து ஆப்பியா துறைமுகக் கிடங்கில் ஒரு பெட்டியில் இருந்தது. அதை எடுக்க நிலையம் ஒரு கடிதம் எழுத வேண்டும். நிலையத்தின் கடிதங்கள் இரண்டாம் தொகுதிச் சொற்களில்தான் எழுதப்பட வேண்டும். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று முடிவு செய்யக் குழு அமைத்தார்கள். குழு ஐந்து முறை கூடியது. பொருள் தெரியாமல் முடிவு செய்ய இயலாது, பெட்டி வந்ததும் எழுதலாம் என்று தீர்மானித்தது.

"அப்ப என்னத்த படிக்கறது?" என்று ஃபிலோமெனா வகுப்பில் கேட்டாள்.

"சொல்லை" என்றார் ஆசிரியர்.

"அர்த்தம்?"

"அது அடுத்த வருஷத் திட்டத்துல வருது. இந்த வருஷத்துக்கு ஒதுக்கினது சொல்லுக்கு மட்டும்."

இரண்டாம் தொகுதித் தேர்வை வானொலியில் நேரடியாக ஒலிபரப்ப வேண்டும் என்று அம்மையார் விரும்பினார். நாடே கேட்கட்டும் என்றார். புதன்கிழமை காலை கூடத்தில் ஒலிவாங்கியை வைத்தார்கள். முதலில் அழைக்கப்பட்டவன் கிரிசோமே.

அவன் எழுந்து நின்றான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். சவாயி தீவில் பெரியப்பா சபோலு வானொலி முன் உட்கார்ந்திருப்பார் என்று அவனுக்குத் தெரியும். குடும்பத்தில் மூத்தவர் அவர். பட்டம் யாருக்கு என்று சொன்னவரும் அவரே.

"சொந்த வாழ்க்கையிலிருந்து வாக்கியம்" என்றார் தேர்வாளர்.

இந்தச் சொற்கள் முதல் தொகுதிச் சொற்களைவிட நீளமானவை. அப்படியென்றால் அவற்றைவிட உயர்ந்தவை. பேராயர் தன் வாழ்க்கையில் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தன் வாழ்க்கையில் இப்போது இருப்பவர்களில் ஆக உயர்ந்தவர் யார்? முன்வரிசையில், கழுத்தில் பூமாலையோடு அவர் உட்கார்ந்திருந்தார். கிரிசோமே அவர் பக்கம் திரும்பித் தலை வணங்கினான்.

"பெக்யூலேட்" என்றார் தேர்வாளர்.

"இயக்குநர் அம்மையார் தினந்தோறும் காலையில் பெக்யூலேட் செய்கிறார்."

அந்தச் சொல்லுக்குப் பொதுப்பணத்தைக் கையாடுவது என்று பொருள். கிரிசோமேவுக்கு அது தெரியாது. கூடத்தில் யாருக்கும் தெரியாது. வானொலி கேட்டுக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அம்மையார் தலையை லேசாகச் சாய்த்து வணக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

"வாக்கியம் சரி. சொந்த வாழ்க்கை சரி. மெண்டேஷியஸ்."

அது வாயைத் திறந்தால் பொய் பேசுகிறவரைக் குறிக்கும் சொல்.

"அம்மையாரைப் போல் மெண்டேஷியஸ் ஆனவரை எங்கள் தீவில் நாங்கள் கண்டதில்லை."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. கிரிசோமேவுக்குத் தைரியம் வந்தது. குடும்பப் பேச்சாளர்கள் சடங்குகளில் பேசும்போது குரல் ஏறி இறங்குவது போல் அவன் குரலும் ஏறி இறங்கியது. தேர்வாளர் சொல்லச் சொல்ல, ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அம்மையாருக்கே சூட்டினான். அந்தச் சொற்களின் பொருளைப் பார்த்தால், அவர் விலைபோகிறவர் என்றான். அவரது தலை வெற்றிடம் என்றான். அவரது தூக்கமே நிலையத்தின் தூண் என்றான். அவர் ஊதிக்கொண்டே போக வேண்டும், ஊதுவதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். தனக்கென்று ஒரு சொல்லும் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டீங்களா? நாலு வாரம் முன்னாடி இந்த மனுஷனுக்குப் பேச்சே வராது. இப்ப இவர் என்னைப் பத்திச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இந்த நிலையம் கத்துக்குடுத்தது. அத்தனைக்கும் நான் தகுதியானவளான்னு தெரியல. தகுதியா நடந்துக்க முயற்சி பண்றேன்."

கிரிசோமே முதல் மதிப்பெண்ணோடு தேறினான்.

"நல்லா மரியாதை குடுத்தடா தம்பி. எனக்குக்கூட புல்லரிச்சுருச்சு" என்றாள் ஃபிலோமெனா.

*

மத்தியானத்துக்குள் ஆப்பியாவில் டாக்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பெக்யூலேட் என்று அழைத்துக்கொண்டார்கள். அம்மையாருக்குப் பல தொலைபேசி அழைப்புகள் வந்தன. அழைத்தவர்கள் சிரித்தார்கள். ஏன் என்று அவர் கேட்டபோது அதிகம் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவர் வானொலியில் அறிக்கை வாசித்தார்.

"இரண்டாம் தொகுதியோட பொருள் இன்னும் வந்து சேரலன்னு பொதுமக்களுக்குத் தெரிவிச்சுக்கறேன். பொருள் வராத வரைக்கும் அந்தச் சொற்களுக்கு அதிகாரபூர்வமா எந்தப் பொருளும் கிடையாது. சிலர் வீட்டுல வச்சிருக்கற அகராதியப் பாத்துச் சிரிக்கறாங்க. அனுமதியில்லாத பொருளைப் பயன்படுத்தறது சரியில்ல. தேர்வு முடிவு அப்படியே நிக்குது."

கிரிசோமே பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். காவலாளி சான்றிதழைக் கேட்டான். கிரிசோமே அலுவலகத்துக்குப் போனான்.

"சான்றிதழ்ல சொல்லும் அதுக்கு எதிர்ல பொருளும் அச்சடிக்கணும். பொருள் வரட்டும்" என்றார்கள்.

"நான் தேறிட்டேனே."

"தேறிட்டீங்க. அதுல மாத்தமே இல்ல. போகத்தான் முடியாது."

அன்று சாயங்காலம் பெரியப்பா சபோலு தானே கூப்பிட்டார்.

"கேட்டோம்டா. வாத்தியார் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொன்னாரு. எனக்கு நெஞ்சு வலிக்கற அளவுக்குச் சிரிச்சேன்."

"அர்த்தம் என்ன பெரியப்பா?"

"அத விடு. இங்க வந்தப்பறம் சொல்றேன். உன்னைப் பத்தி நீ ஒரு பெரிய வார்த்தை சொல்லல பாரு, அதைத்தான் எல்லாரும் பேசறாங்க. ஃபௌஸ்தினோவோட அப்பன்கூட வாய மூடிட்டான். பட்டம் உனக்குத்தான்."

"என்னால சனிக்கிழமை வர முடியாது."

மறுமுனையில் பெரியப்பா யாரோடோ பேசுவது கேட்டது. பிறகு சொன்னார்: "அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கறோம். அதுக்கு மேல முடியாதுடா. பன்னிங்க தின்னுட்டே இருக்கு. நியூசிலாந்துலேர்ந்து வந்தவங்க திரும்பிப் போகணும். சீர் குடுக்கற பாய் எல்லாம் வந்து எறங்கிருச்சு. யாராவது ஒருத்தன் அன்னிக்கிப் பட்டத்துக்காரன் சாயற நடுத்தூண்ல சாஞ்சு உக்காந்தே ஆகணும். அது நீயா இருக்கணும்னு எனக்கு ஆசை."

*

அடுத்த வாரம் வியாழக்கிழமை பெட்டி வந்தது. யாரும் கடிதம் எழுதவில்லை. கிடங்கில் இடம் போதவில்லை என்று துறைமுகத்துக்காரர்களே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சியாளர்கள் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். கிரிசோமே கையில் பையோடு வந்தான். இன்று சான்றிதழ் அச்சடித்தால் நாளைக் காலைப் பேருந்து, மத்தியானக் கப்பல். சனிக்கிழமை விடியும்போது வீட்டில் இருக்கலாம்.

பெட்டியின் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். அம்மையார் மேலே இருந்த தொகுதியை எடுத்துப் பிரித்தார். அவரது விரல் பக்கத்தில் மேலிருந்து கீழே போயிற்று. ஓரிடத்தில் நின்றது. பிறகு சில பக்கங்களைத் திருப்பினார். விரல் மறுபடி நின்றது. மூன்றாவது இடத்தில் வெகுநேரம் நின்றது.



அம்மையார் தொகுதியை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"இது வேற பதிப்பு" என்றார். "நமக்கு வரவேண்டியது இது இல்ல. திருப்பி அனுப்புங்க."

"எங்க அனுப்பறது அம்மா?" என்றான் லாரி ஓட்டுநர். "கிடங்குல இடம் இல்ல."

"எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சோ அங்க அனுப்பு. சரியான பொருள் எப்ப வருதோ அப்ப வரட்டும்."

மூடியை ஆணியடித்து லாரியில் ஏற்றினார்கள். கிரிசோமே லாரியின் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் இதுலயே துறைமுகம் வரைக்கும் போயிக்கட்டுமா அம்மா?"

"பெட்டி வெளிய போக அனுமதி இருக்கு. உங்களுக்கு இல்லையே" என்றார் அம்மையார். குரலில் கோபம் இல்லை. அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "நீங்க நம்ம நிலையத்தோட முதல் மாணவர். உங்கள அப்படி லேசா விட்டுற முடியாது."

காவலாளி வாசலைத் திறந்தான். லாரி போயிற்று. காவலாளி வாசலை மூடினான்.

ஃபிலோமெனா அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கிரிசோமே கைபேசியை வாங்கினான். அசெனாத்தி முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னணியில் பாட்டும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"கெளம்பிட்டீங்களா?"

"இல்ல."

அவள் யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

"பெரியப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"பொருள் வரலன்னு சொல்லு. அவருக்குப் புரியும்."

"எல்லாம் தயாரா இருக்கு. இப்பக்கூட பந்தல்ல பூ கட்டிட்டு இருக்காங்க. அவன் இருக்கானே ஃபௌஸ்தினோ, அவன் வந்து நடுத்தூண்ல சாஞ்சு பாத்துட்டு இருக்கான். யாரும் ஒண்ணும் சொல்லல. அவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருந்தா—"

"அசெனாத்தி."

"என்ன?"

"நாளன்னிலேர்ந்து அவன் இவன்னு பேசக் கூடாது" என்றான் கிரிசோமே. "இப்பவே பழகிக்க. அவர் அமுது செஞ்சாரான்னு கேளு."